செல் பிரியும்போது குரோமோசோம் எப்படி உருமாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் பிரிதல் பாடத்தைப் படித்தவர்களுக்குப் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்ற வரிசை மறக்காது. ஆனால் "குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்கின்றன" என்று பாடம் ஒரே வரியில் தாண்டிப்போகும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளில்தான் துலங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆர்வத்தோடு படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குரோமோசோம் என்றாலே எக்ஸ் வடிவம்தானே?

பெரும்பாலான நேரம் அப்படி இல்லை. ஆய்வகத்தில் வேகமாகப் பெருகும் ஒரு மனிதச் செல் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். அதில் மைட்டாசிஸுக்கு, அதாவது குரோமோசோம்கள் இரண்டாகப் பங்கிடப்படும் கட்டத்துக்கு, போவது சுமார் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் தனித்தனிக் குரோமோசோம் எதுவும் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. பிரிவதையே நிறுத்திவிட்ட நரம்புச் செல்கள் அந்த வடிவத்தை மறுபடி எடுப்பதே இல்லை.

அந்த ஒரு மணி நேரத்திலும், படங்களில் கைகால் விரித்து நிற்கும் எக்ஸ் இயல்பாக அமைவது குறைவு. குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் நிற்கும் மெட்டாஃபேஸில் சகோதரி குரோமாட்டிட்கள், அதாவது ஒரு குரோமோசோமின் பிரதிகள், இரண்டும் பெரும்பாலும் நெடுக்கப் பக்கத்தில் பக்கத்தில்தான் படுத்திருக்கும். கால்ச்சிசின் போன்ற மருந்து கொடுத்துச் செல்லை மெட்டாஃபேஸிலேயே வெகுநேரம் நிறுத்தி வைத்தால், கைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு போய்விடும், நடுவில் சென்ட்ரோமியர் என்ற இணைப்பிடம் மட்டும் ஒட்டியிருக்கும். அப்போதுதான் அந்த அழகான எக்ஸ் கிடைக்கிறது. நாம் பார்த்துப் பழகிய படங்களில் பெரும்பாலானவை அப்படித் தயாரித்த செல்களிலிருந்து எடுத்தவை.

பிரியாத நேரத்தில் குரோமோசோம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. உட்கருவுக்குள் விரிந்து கிடக்கிறது. ஒரு மனிதச் செல்லில் உள்ள டி.என்.ஏ முழுவதையும் நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவு பெரும்பாலான செல்களில் 10 மைக்ரோமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும்.

விரிந்து கிடக்கிறது என்றதும் எல்லாம் கலந்து குழம்பிக் கிடப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு குரோமோசோமும் உட்கருவுக்குள் தனக்கென ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி நிறச் சாயம் ஏற்றிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அடர்த்தியான இடங்களும் தளர்வான இடங்களும் உண்டு. வேலை செய்யும் மரபணுக்கள் பெரும்பாலும் தளர்ந்த இடங்களில் இருக்கும்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் டி.என்.ஏ கண்ணி கண்ணியாக மடிந்திருப்பது தெரியும். இந்தக் கண்ணிகளை உண்டாக்குவது கோஹிசின் என்ற வளையப் புரதம். அது டி.என்.ஏவைப் பிடித்துத் தன் வழியே இழுத்து, கண்ணியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். சி.டி.சி.எஃப் என்ற இன்னொரு புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தால் நின்றுவிடும். ஒரு மரபணு எந்தக் கட்டுப்பாட்டுத் துண்டோடு தொட்டுக்கொள்ளலாம், எதோடு தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் இந்தக் கண்ணிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இன்டர்ஃபேஸின், அதாவது செல் பிரியாத நேரத்தின், அமைப்பு மரபணுக்களைப் படிப்பதற்கென்று ஏற்பட்ட அமைப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

நியூக்ளியோசோம் என்பது என்ன? செல் பிரியும்போது அது கலைந்துவிடுமா?

கலைவதில்லை. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகை ஹிஸ்டோன் புரதங்கள் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து எட்டின் தொகுதியாக நிற்கும். அதைச் சுற்றி 147 கார இணை (டி.என்.ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள டி.என்.ஏ ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம். 1974இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இது நூலில் கோர்த்த மணிகளாகத் தெரிந்தது, அந்த ஒப்புமை அப்படியே நிலைத்துவிட்டது. 1997இல் லூகர், ரிச்மண்ட் குழுவினர் 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். ஒரு மனிதச் செல்லில் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம்கள் இருக்கும்.

செல் பிரியும்போது மாறுவது, இந்த நூல் எப்படி மடிகிறது என்பதுதான். ஹிஸ்டோன்களின் வால் பகுதியிலும் மாற்றம் வரும். எச்3இன் பத்தாவது அமினோ அமிலமான செரினில் ஆரோரா பி என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். ஒரு செல் மைட்டாசிஸில் இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்கள் இன்றும் இந்த அடையாளத்தைத்தான் சாயமிட்டுப் பார்க்கின்றன. கூடவே ஹிஸ்டோன்களில் இருக்கும் அசிட்டைல் தொகுதிகள் பெருமளவு நீக்கப்படுகின்றன. அதனால் நூல் தன்னோடு தானே நெருங்கி ஒட்டும் தன்மை கூடுகிறது.

பாடப்புத்தகத்தில் 30 நானோமீட்டர் இழை என்று ஒரு படி வருகிறதே?

மணிக்கோவை முதலில் 30 நானோமீட்டர் தடிமனுள்ள சுருளாகும், அது இன்னும் பெரிய சுருளாகும், அப்புறம் குரோமோசோம் ஆகும் என்ற படம் பல பத்தாண்டுகளாக அச்சில் இருக்கிறது. சோதனைக் குழாயில் பிரித்தெடுத்த குரோமாட்டினில், அதாவது டி.என்.ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த பொருளில், அந்த இழை உருவாவது உண்மை. ஆனால் செல்லை உறையவைத்து அப்படியே பார்த்த ஆய்வுகளில் மனித மைட்டாசிஸ் குரோமோசோம்களுக்குள் அது கிடைக்கவில்லை. 2017இல் வந்த மின்னணு நுண்ணோக்கி ஆய்வு ஒன்று, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே இருக்கும் ஒழுங்கற்ற இழைகளைத்தான் காட்டியது. இன்டர்ஃபேஸிலும் அதே இழை, மெட்டாஃபேஸிலும் அதே இழை. எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பது மட்டும்தான் வேறு.

படிப்படியான சுருள் படத்தை இனிமேலும் முதன்மைப் படமாகக் கற்பிப்பது சரியில்லை என்பது என் கருத்து. கண்ணிகளின் வரிசையாகக் காட்டும் படம் அதைவிட எளிது, உண்மைக்கும் நெருக்கம்.

டி.என்.ஏ இரட்டிப்பானதும் குரோமோசோம் எண்ணிக்கை 92 ஆகிவிடுமா?

ஆகாது, 46தான். எண்ணும்போது சென்ட்ரோமியர் பகுதிகளைத்தான் எண்ணுகிறோம். டி.என்.ஏ இரட்டிப்பாகும் எஸ் கட்டத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதியாகிறது, ஆனால் இரண்டும் ஒட்டியே இருப்பதால் அது இன்னும் ஒரே குரோமோசோம், இரண்டு குரோமாட்டிட். அனாஃபேஸில் அவை பிரிந்த கணத்தில் செல்லுக்குள் 92 என்று எண்ணலாம். செல் இரண்டானதும் ஆளுக்கு 46.

இரண்டு பிரதிகளையும் ஒட்டி வைப்பது எது?

மேலே சொன்ன அதே கோஹிசின். ஒரே வளையத்துக்கு இரண்டு வேலை. சுமார் 50 நானோமீட்டர் நீளமுள்ள அதன் கைகள் ஒரு வளையத்தை அமைக்கின்றன. டி.என்.ஏ இரட்டிப்பாகும்போதே சில வளையங்கள் இரண்டு பிரதிகளையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கின்றன. எஸ்.எம்.சி3 என்ற அதன் பாகத்தில் அசிட்டைல் ஏறுவதுதான் பூட்டு விழுவதற்கான முக்கியமான படி. அந்த நேரத்தில் பூட்டு விழவில்லை என்றால், எது எதனுடைய பிரதி என்று பிற்பாடு கண்டுபிடிக்கச் செல்லுக்கு வழியே கிடையாது.

சரி, குரோமோசோம் உண்மையில் எப்படிச் சுருங்குகிறது?

இதற்கு நடுநாயகம் கண்டென்சின். 1990களில் தவளை முட்டைச் சாற்றை வைத்து ஆய்ந்த தட்சுயா ஹிரானோ குழுவினர் இதை அடையாளம் கண்டார்கள். கோஹிசினின் உறவுக்காரப் புரதம் இது. இதுவும் ஏ.டி.பி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து டி.என்.ஏவைக் கண்ணியாக இழுக்கும். இழுக்கும் காட்சியை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரே ஒரு கண்டென்சின் மூலக்கூறு, இரு முனையும் கண்ணாடியில் பிணைத்த டி.என்.ஏவில் உட்கார்ந்து, நொடிக்கு 1,500 கார இணைகள் வரை கண்ணிக்குள் இழுத்துச் சேர்ப்பதை 2018இல் படம்பிடித்துக் காட்டினார்கள். முதலில் ஒரு சிறு ஒளிப்புள்ளி. பிறகு நொடிக்கு நொடி அந்தப் புள்ளி பெரிதாக, இருபுறமும் இருக்கும் டி.என்.ஏ விறைத்துக்கொண்டே வரும். அதற்கு முன்பு வரை கண்ணி இழுப்பு என்பது ஒரு கருதுகோள்தான். அதன் பிறகு வாதம் பெருமளவு அடங்கிவிட்டது.

மனிதர், கோழி போன்றவற்றின் செல்களில் கண்டென்சின் இரண்டு வகை. இரண்டாம் வகை உட்கருவுக்குள்ளேயே இருக்கும். அதனால் புரோஃபேஸிலேயே வேலையைத் தொடங்கிவிடும். முதல் வகை வெளியே சைட்டோபிளாசத்தில் காத்திருக்கும், உட்கரு உறை உடைந்த பிறகுதான் குரோமோசோமைத் தொட முடியும். அதே 2018இல் கோழிச் செல்களை ஒரே நேரத்தில் மைட்டாசிஸுக்குள் நுழையச் செய்து, நிமிடக் கணக்கில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். இன்டர்ஃபேஸின் கண்ணி அமைப்பு புரோஃபேஸ் முடிவதற்குள்ளாகவே அழிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு மைய அச்சிலிருந்து வரிசையாகக் கண்ணிகள் புறப்பட்டு நின்றன. பிறகு இரண்டாம் வகை கண்டென்சின் சுமார் 4 லட்சம் கார இணை நீளத்துக்குப் பெரிய கண்ணிகளை இழுக்க, முதல் வகை ஒவ்வொன்றையும் சுமார் 80 ஆயிரம் கார இணைகள் கொண்ட சிறு கண்ணிகளாக உள்ளுக்குள் பிரித்தது. நடு அச்சு மெல்லச் சுழல்படிக்கட்டாக முறுக்கிக்கொண்டது. குரோமோசோம் நீளத்தில் குறுகுவதும் பருமனில் தடிப்பதும் இப்படித்தான்.

கண்டென்சினை முடுக்கிவிடுவது சைக்ளின் பி என்ற புரதமும் சி.டி.கே1 நொதியும் சேர்ந்த இணை. கண்டென்சினின் பாகங்களில் அது பாஸ்பேட் ஏற்றுகிறது. தனித்து மிதக்கும் மெக்னீசியம் அயனிகளும் மைட்டாசிஸில் கூடுகின்றன. டி.என்.ஏவின் எதிர்மின்னூட்டத்தை அவை தணிப்பதால் இழைகள் நெருங்க முடிகிறது. ஹிஸ்டோன் வால்கள், அயனிகள், கண்டென்சின் என்று மூன்று வழியிலும் ஒரே நேரத்தில் மாற்றம் வருவதால்தான் இவ்வளவு பெரிய உருமாற்றம் சில பத்து நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

சுருங்கு என்ற கட்டளை எங்கிருந்து வருகிறது? குரோமோசோமுக்குள்ளிருந்தா?

வெளியிலிருந்து. 1970இல் ராவ், ஜான்சன் இருவரும் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. மைட்டாசிஸில் இருந்த ஒரு செல்லையும் இன்டர்ஃபேஸில் இருந்த இன்னொரு செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். சற்று நேரத்தில் இன்டர்ஃபேஸ் செல்லின் உட்கரு உறை கலைந்து, தயாராகாத அதன் குரோமோசோம்களும் சுருங்கத் தொடங்கின. இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் இருந்தவை ஒற்றை இழையாகவும், இரட்டிப்பு முடிந்த ஜி2வில் இருந்தவை இரட்டை இழையாகவும் தெரிந்தன. எஸ் கட்டத்தில், அதாவது இரட்டிப்பு பாதியில் நின்ற நிலையில் பிடிபட்டவை பொடிப்பொடியாக நொறுங்கியது போலக் காட்சியளித்தன. இரட்டிப்பு முடியாமல் சுருங்கவே கூடாது என்று செல் ஏன் இத்தனை காவல் போட்டிருக்கிறது என்பதற்கு அந்தக் காட்சியே போதும்.

எத்தனை மடங்கு சுருங்குகிறது?

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

மனிதரின் முதல் குரோமோசோமில் சுமார் 24.8 கோடி கார இணைகள். நீட்டினால் 8 சென்டிமீட்டருக்கு மேல் வரும். மெட்டாஃபேஸில் அதன் நீளம் 10 மைக்ரோமீட்டர் அளவில்தான். நீளத்தில் சுமார் 8 ஆயிரம் மடங்கு குறைந்திருக்கிறது. புத்தகங்களில் வரும் பிரமிப்பான எண்கள் இந்தக் கணக்கிலிருந்து வருபவை.

ஆனால் செல்லுக்குள் டி.என்.ஏ ஒருபோதும் நீட்டி வைக்கப்படுவதில்லையே. இன்டர்ஃபேஸில் குரோமாட்டின் பிடித்திருக்கும் கனஅளவையும் மெட்டாஃபேஸில் பிடித்திருப்பதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 2 முதல் 3 மடங்குதான். ஆகவே மைட்டாசிஸில் பெரிதாக நடப்பது அமுக்குவது அல்ல, அடுக்கை மாற்றுவது. படிப்பதற்காக மடித்து வைத்திருந்ததைக் கொண்டுபோவதற்காக மடிக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஏன் இப்படி மடிக்க வேண்டும்? விரிந்தபடியே பிரியக் கூடாதா?

முதல் காரணம் நீளம். அனாஃபேஸில் ஒரு குரோமாட்டிட் ஒரு முனைக்குப் போகும்போது அதன் வால் பின்னால் தொங்கும். அந்த வால் நீளமாக இருந்தால் செல் நடுவில் இறுகி இரண்டாகும் இடத்தில் மாட்டிக்கொண்டு அறுபடும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டி.என்.ஏ ஒரு திருகுச் சுருள். இரட்டிப்பாகும்போது இரண்டு பிரதிகளும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல் அவிழாமல் இழுத்தால் இழை அறும். பின்னலை அவிழ்ப்பது டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி. அது ஒரு டி.என்.ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டி, இன்னொரு டி.என்.ஏவை அந்த இடைவெளி வழியே கடத்தி, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடும். ஆனால் அந்த நொதிக்கு எந்தப் பக்கம் அவிழ்ப்பது, எந்தப் பக்கம் பின்னுவது என்று தெரியாது. கண்டென்சின் ஒவ்வொரு பிரதியையும் தன் அச்சை நோக்கி இழுத்து மடிப்பதால், பின்னல் அவிழும் திசைக்கே வேலை நகர்கிறது. மடிப்பதும் பிரிப்பதும் இப்படி ஒரே செயலாகிறது. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பக்கத்து குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டாமல் காப்பது கே.ஐ-67 என்ற புரதம். புற்றுநோய்த் திசு அறிக்கைகளில் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கு அளவுகோலாக வரும் அதே பெயர்தான். மைட்டாசிஸில் அது குரோமோசோமின் மேற்பரப்பில் ஒரு முனையால் ஒட்டி, மறு முனை வெளியே நீட்டியபடி நிற்கும். அது இல்லாத செல்களில் குரோமோசோம்கள் ஒரே திரளாக ஒட்டிக்கொள்வதை 2016இல் காட்டினார்கள்.

சென்ட்ரோமியரில் என்ன மாறுகிறது?

மனிதரில் சென்ட்ரோமியர் பகுதி 171 கார இணை நீளமுள்ள ஒரு தொடர் மீண்டும் மீண்டும் வரும் டி.என்.ஏ. ஆனால் அந்த இடத்தைச் சென்ட்ரோமியர் ஆக்குவது அந்தத் தொடரைவிட, அங்குள்ள நியூக்ளியோசோம்களில் எச்3க்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் சென்ப்-ஏ என்ற ஹிஸ்டோன்தான். மைட்டாசிஸில் அதன்மேல் கைனட்டோகோர் என்ற பெரிய புரத அமைப்பு கட்டப்படும். மனிதச் செல்லில் ஒரு கைனட்டோகோரை ஏறக்குறைய 15 முதல் 20 கதிர்கோல் நுண்குழல்கள் பிடித்து இழுக்கும்.

புரோஃபேஸ் போகப்போகக் கைகளில் இருக்கும் கோஹிசின் பெரும்பாலும் கழன்றுவிடும். சென்ட்ரோமியரில் மட்டும் ஷுகோஷின் என்ற புரதம் அதைக் கழலவிடாமல் காக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன எக்ஸ் வடிவத்துக்குக் காரணமும் இதுதான்.

பிரிவது எந்த நொடி என்று செல் எப்படி முடிவு செய்கிறது?

எல்லாக் கைனட்டோகோர்களும் நுண்குழல்களோடு இணையும் வரை செல் காத்திருக்கும். ஒன்றே ஒன்று இணையாமல் இருந்தாலும் அது அனுப்பும் தடைச் சமிக்ஞை அனாஃபேஸைத் தள்ளிப்போடும். எல்லாம் இணைந்ததும் ஏ.பி.சி என்ற நொதித் தொகுதி விடுபட்டு, செக்யூரின் என்ற புரதத்தை அழிக்கச் சொல்லும். அதுவரை செக்யூரினால் கட்டப்பட்டிருந்த செப்பரேஸ் என்ற நொதி விடுதலையாகி, கோஹிசின் வளையத்தை வெட்டும். பூட்டைத் திறப்பதில்லை, உடைத்தே விடுகிறது. அதனால் பின்வாங்க வழியில்லை. அத்தனை குரோமோசோம்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரிவதற்கும் இதுதான் காரணம்.

பிரிந்த குரோமாட்டிட்கள் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவு வேகத்தில் முனைகளை நோக்கி நகரும். சென்ட்ரோமியர் முன்னே போக, கைகள் பின்னே இழுபடும். சென்ட்ரோமியர் நடுவில் இருந்தால் வி, ஓரமாக இருந்தால் ஜே வடிவம் கிடைக்கும்.

மெட்டாஃபேஸில்தான் குரோமோசோம் மிகச் சுருங்கிய நிலையில் இருக்கும் என்று எழுதலாமா?

தேர்வில் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள், எழுதலாம். ஆனால் உயிருள்ள செல்களில் அளந்து பார்த்த 2007 ஆய்வு ஒன்று, அனாஃபேஸின் கடைசியில் குரோமோசோம் இன்னும் கொஞ்சம் சுருங்குவதைக் கண்டது. வால் அறுபடும் ஆபத்து அந்த நேரத்தில்தான் அதிகம் என்பதால் இது பொருத்தமாகவே இருக்கிறது.

டீலோஃபேஸில் எல்லாம் அப்படியே பின்னோக்கி நடக்குமா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே வேறு. முதலில், இதுவரை குரோமோசோம்களை விலக்கி வைத்த கே.ஐ-67 இப்போது அவற்றை ஒன்றாகத் திரட்டுகிறது. அப்படித் திரளும்போது இடையில் இருக்கும் சைட்டோபிளாசப் பொருட்கள் வெளியே தள்ளப்படும். பி.ஏ.எஃப் என்ற சிறு புரதம் திரளின் மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து நிற்க, உட்கரு உறை அந்தத் திரளைச் சுற்றி வளர்கிறது. பி.ஏ.எஃப் இல்லாவிட்டால் ஒவ்வொரு குரோமோசோமையும் சுற்றித் தனித்தனியாக உறை வளர்ந்து, ஒரு செல்லுக்குள் பல குட்டி உட்கருக்கள் உருவாகிவிடும்.

கண்டென்சின் கழன்றதும் கோஹிசின் உடனே வந்து உட்காருவதில்லை. நடுவில் கொஞ்ச நேரம் இரண்டின் கண்ணிகளும் இல்லாத ஓர் இடைநிலை உண்டு என்று 2019இல் தெரியவந்தது. அப்புறம் உட்கருவுக்குள் கோஹிசினும் சி.டி.சி.எஃப்பும் இறக்குமதியாகி, இன்டர்ஃபேஸின் கண்ணிகள் மறுபடி கட்டப்படுகின்றன. முழு அமைப்பும் நிலைக்கு வர ஜி1 கட்டத்தில் சில மணி நேரம் பிடிக்கும்.

மடிந்திருக்கும் நேரத்தில் மரபணுக்கள் வேலை செய்யுமா? பிறகு பழையபடி எப்படி நினைவுக்கு வருகிறது?

மைட்டாசிஸில் ஆர்.என்.ஏ தயாரிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்தான் வருகிறது. இன்டர்ஃபேஸின் கண்ணிகள் முழுக்கக் கலைந்த பிறகும் இது சாத்தியமாவதற்குச் சில காரணங்கள் தெரிந்திருக்கின்றன. டி.என்.ஏவின் மீத்தைல் குறிகளும் பல ஹிஸ்டோன் குறிகளும் அழிவதில்லை. முக்கியமான மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் பல மெட்டாஃபேஸிலும் ஓரளவு திறந்தே இருக்கின்றன. சில கட்டுப்பாட்டுப் புரதங்கள் சுருங்கிய குரோமோசோமிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மியாசிஸில் இது எப்படி மாறுபடுகிறது?

கருமுட்டையும் விந்தும் உருவாக, அடுத்தடுத்து இரண்டு முறை நடக்கும் பிரிவுதான் மியாசிஸ். பெரிய வேறுபாடு முதல் புரோஃபேஸில். தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்கள் இணையிணையாக நெடுக்கச் சேர்ந்து, நடுவில் சினாப்டோனிமல் தொகுதி என்ற புரத அடுக்கு பல்வரிசையாக அமையும். குறுக்கே கலத்தல், அதாவது இணைகள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது, நடப்பது இந்த நிலையில்தான். முதல் பிரிவில் கைகளிலுள்ள கோஹிசின் மட்டும் வெட்டப்படும். சென்ட்ரோமியரில் இருப்பதை ஷுகோஷின் காத்துக்கொடுக்கும். அது வெட்டப்படுவது இரண்டாம் பிரிவில்.

பெண்களின் கருமுட்டைகள் பிறப்பதற்கு முன்பே இந்த முதல் புரோஃபேஸில் நின்றுவிடும். அண்டம் வெளிப்படும் மாதம் வரை, அதாவது பல பத்தாண்டுகள், அதே கோஹிசின் வளையங்கள்தான் பிடித்திருக்க வேண்டும். வயது ஏறஏற அவை குறைகின்றன. தாயின் வயது கூடும்போது 21ஆம் குரோமோசோம் மூன்றாகிப் பிறக்கும் வாய்ப்பு கூடுவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலாக வரும் அந்த ஒரு குரோமோசோம் என்பது 1959இல் தெரியவந்தது. இதில் தாயின் தவறு என்று சொல்ல எதுவுமே இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மடிப்பு தவறினால் வேறு என்ன ஆகும்?

எம்.சி.பி.எச்1 என்ற மரபணு, கண்டென்சினின் இரண்டாம் வகையை அடக்கி வைத்திருப்பது. அது பழுதானால் குரோமோசோம்கள் ஜி2விலேயே, நேரத்துக்கு முன்னால் சுருங்கத் தொடங்கிவிடும். அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தலையும் மூளையும் சிறிதாக இருக்கும். கண்டென்சினின் பாகங்களிலேயே பழுது வந்தாலும் அதே விளைவுதான். மூளை வளரும்போது செல்கள் மிக வேகமாகப் பிரிய வேண்டியிருப்பதால் அங்கேதான் முதலில் அடி விழுகிறது. குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் எண்ணிக்கை கூடிக்குறைவது புற்றுநோய்ச் செல்களில் மிகவும் சாதாரணம்.

இதே இயந்திரத்தைத் தடுத்துத்தான் பல புற்றுநோய் மருந்துகளும் வேலை செய்கின்றன. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் நுண்குழல்கள் உருவாகவிடாமல் செய்யும். எட்டோபோசைட் டோபோஐசோமரேஸ் 2 வெட்டிய டி.என்.ஏவை மறுபடி ஒட்டவிடாது.

இதையெல்லாம் நானே கண்ணால் பார்க்க முடியுமா?

நான்கு கட்டங்களையும் பார்க்கலாம். வெங்காய வேர்நுனி போதும். அதில் 16 குரோமோசோம்கள்தான், ஒவ்வொன்றும் நன்கு பெரியது. நுனியின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே வெட்டினால் நீண்ட, பிரியாத செல்கள் மட்டுமே கிடைக்கும், பலருக்கும் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். வேரை அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கலவையில் நிலைப்படுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் இளஞ்சூட்டில் வைத்து, அசிட்டோகார்மின் ஏற்றி, கண்ணாடி வில்லைக்கடியில் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு கெட்டுவிடும்.

முதலில் கண்ணில் படுவது சீரான இளஞ்சிவப்பு உருண்டைகள், அவை இன்டர்ஃபேஸ். அவற்றுக்கு நடுவே ஒரு செல்லில் உருண்டை கரகரப்பான இழைக்கூட்டமாக மாறியிருக்கும், அது புரோஃபேஸ். பொறுமையாகத் தேடினால் நடுக்கோட்டில் அடர்சிவப்பாகத் திரண்ட பட்டை ஒன்றும், எதிரெதிராக விலகும் இரண்டு விசிறிகளும் கிடைக்கும். 1882இல் சாலமண்டர் செல்களை வைத்து வால்டர் ஃப்ளெமிங் விவரித்தது இதே காட்சிகளைத்தான்.

மனிதக் குரோமோசோம்களை எண்ணுவது இதைவிடக் கடினம். 46 என்று உறுதியானதே 1956இல்தான், அதுவரை 48 என்று நம்பினார்கள். ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவன் இருவரும் கால்ச்சிசினால் செல்களை மெட்டாஃபேஸில் நிறுத்தி, உப்பு குறைந்த நீரில் உப்பவைத்துக் குரோமோசோம்களைப் பரப்பியதால்தான் சரியாக எண்ண முடிந்தது. செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நச்சும் இதே கால்ச்சிசின்தான், வீட்டில் யாரும் எடுத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாத பொருள்.

எல்லா உயிர்களிலும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்று, விவரங்கள் வேறு. ஈஸ்ட்டில் உட்கரு உறை உடைவதே இல்லை, உள்ளேயே பிரிவு முடிந்துவிடும். டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒரு செல் உயிரிகளில் குரோமோசோம்கள் எப்போதும் சுருங்கியே இருக்கும். இந்தியாவில் வாழும் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம், ஆணுக்கு 7. அதற்கு நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. பல குரோமோசோம்கள் முனையோடு முனை இணைந்து இப்படி ஆகியிருக்கின்றன.

பாக்டீரியாவில் உட்கரு இல்லை, மைட்டாசிஸ் இல்லை, நியூக்ளியோசோமும் இல்லை. ஆனாலும் அதன் டி.என்.ஏவைக் கண்ணியாக இழுத்துப் பிரதிகளை விலக்க உதவுவது கண்டென்சினின் குடும்பத்தைச் சேர்ந்த புரதம்தான். ஈ.கோலையில் அதற்குப் பெயர் முக்பி.